பாதியில் நின்றுபோகும் கடந்த காலம்: ‘சாராவின் சாவி’ புதினத்தில் தாய்மையும் இழப்பும் மௌனமும்

ஆய்வுச் சுருக்கம்

தாத்தியானா த ரோனே எழுதி 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘சாராவின் சாவி’ என்னும் புதினம், 1942ஆம் ஆண்டின் பாரிசையும் 2002ஆம் ஆண்டின் பாரிசையும் மாறிமாறி எடுத்துரைக்கும் இரு காலக்கோட்டுப் படைப்பாகும். இத்தகைய புதினங்களில் நிகழ்காலத் தேடல், புதைந்து கிடந்த ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்து முடிவது வழக்கம். இப்புதினத்திலோ மறைந்த நிகழ்வின் பெரும்பகுதியை வாசகர் தொடக்கத்திலேயே அறிந்துவிடுகிறார். மேலும், கடந்த காலக் கதை நூலின் நடுப்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. இவ்விரு அமைப்புக் கூறுகளும் சேர்ந்து, ‘என்ன நடந்தது’ என்னும் வினாவை ‘அறிந்தவர்கள் ஏன் பேசவில்லை’ என்னும் வினாவாக மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. புதினத்தில் தாய்மை அமையும் நிலைகளை இந்நோக்கில் ஆராய்ந்து, அதன் முடிவுப்பகுதி அளிக்கும் ஆறுதல் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இரு காலக்கோடு, எடுத்துரைப்பியல், தாய்மை, இழப்பு, மௌனம், வெல் திவ் கைது நடவடிக்கை, பின்நினைவு.

முன்னுரை

புதினம் காலத்தைக் கையாளும் முறைகளுள் இரு காலக்கோட்டு அமைப்பு அண்மைக் காலத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றுள்ளது. தலைமுறைகள் கடந்து ஒரு குடும்பத்துள் மறைந்திருக்கும் செய்தியைப் பின்னால் வரும் ஒரு பெண் தேடிக் கண்டடைவது இவ்வகைப் புதினங்களின் பொதுவான கதைப்போக்கு. தேடுபவள் தாயாகவோ தாயாகப் போகிறவளாகவோ இருப்பதும், தேடப்படும் செய்தி ஒரு குழந்தையின் இழப்போடு தொடர்புடையதாக இருப்பதும் அடிக்கடி காணப்படுவன. இவ்வமைப்பு வாசகரை எளிதில் ஈர்க்கும். அதே வேளையில், கடந்த காலத் துயரத்தை நிகழ்காலக் கதைமாந்தரின் மனநிறைவுக்கான கருவியாகச் சுருக்கிவிடும் இடரும் இதில் உண்டு.

வரலாற்றில் உண்மையாகவே நிகழ்ந்த ஒரு பெருங்கொடுமையைப் பொருளாகக் கொள்ளும்போது இவ்விடர் மேலும் கூடுகிறது. அத்தகைய சூழலில், ஒரு புதினத்தின் அமைப்பை ஆராய்வது அதன் அறநிலையை ஆராய்வதும் ஆகும். இந்நோக்கில் ‘சாராவின் சாவி’ தக்க சான்றாக அமைகிறது. பிரெஞ்சுத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த இதன் ஆசிரியர், அதற்கு முன் பிரெஞ்சில் புதினங்கள் எழுதிவந்தவர். இதனை ஆங்கிலத்தில் எழுதினார். கதைமாந்தர் கற்பனையானவர்கள் என்றும், 1942ஆம் ஆண்டுக் கோடையின் நிகழ்வுகள் பல உண்மையானவை என்றும், இது வரலாற்று நூலன்று என்றும் அவரே முன்குறிப்பில் தெளிவுபடுத்தியுள்ளார். ஆகவே இதனை வரலாற்று ஆவணமாகக் கொள்ளாமல், வரலாற்றின் முன் ஒரு கதைவடிவம் எவ்வாறு நிற்கிறது என்னும் வினாவோடு அணுகுவதே பொருத்தமாகும்.

1. இரு காலக்கோட்டு அமைப்பும் பின்னோக்கு உத்தியும்

இரு காலக்கோட்டு அமைப்பைப் பின்னோக்கு உத்தியிலிருந்து வேறுபடுத்திக் காண்பது முதற்கண் தேவையாகிறது. பின்னோக்கு உத்தியில், கடந்த காலம் நிகழ்காலக் கதைமாந்தர் ஒருவரின் நினைவைச் சார்ந்து வருகிறது. அவர் நினைவுகூராவிடில் அக்காலத்திற்குக் கதையில் இடமில்லை. இரு காலக்கோட்டு அமைப்பில், கடந்த காலம் எவருடைய நினைவையும் சாராமல் தனக்கே உரிய களம், மாந்தர், எடுத்துரைப்பு ஆகியவற்றோடு நடைபெறுகிறது. இரு கதைகளையும் இணைக்கும் பணியை முதலில் மேற்கொள்பவர் வாசகரே. கதைமாந்தர் அவ்விணைப்பைப் பின்னரே உணர்கின்றனர். இதனால், வாசகர் அறிவதற்கும் கதைமாந்தர் அறிவதற்கும் இடையே ஓர் இடைவெளி தோன்றுகிறது. இவ்வடிவத்தின் ஆற்றல் பெரிதும் இவ்விடைவெளியிலேயே தங்கியுள்ளது.

துப்பறியும் கதை குறித்து த்ஸ்வெதான் தொதோரோவ் 1966இல் முன்வைத்த கருத்து இங்கு உதவுகிறது. துப்பறியும் கதையுள் இரு கதைகள் உள்ளன என்றார் அவர்: ஒன்று குற்றத்தின் கதை, மற்றொன்று புலனாய்வின் கதை. முதற்கதை நடந்து முடிந்தது; நூலில் நேரடியாக இடம்பெறாதது. இரண்டாம் கதையே நம்முன் நிகழ்வது. எனினும் முதற்கதையை வெளிப்படுத்துவதற்கு அப்பால் அதற்குத் தனி முதன்மை இல்லை. விளைவைக் கண்டு காரணத்தைத் தேடும் வாசிப்பில் அறியும் ஆவல் செயற்படுகிறது என்றும், காரணத்தைக் கண்டு விளைவை எதிர்நோக்கும் வாசிப்பில் பதைப்பு செயற்படுகிறது என்றும் அவர் வேறுபடுத்தினார்.

இரு காலக்கோட்டுப் புதினம் தொதோரோவ் கூறும் இரு கதைகளையும் நூலின் மேற்பரப்புக்கே கொண்டுவந்துவிடுகிறது. முதற்கதை இங்கு மறைந்திருப்பதில்லை. வாசகர் அதற்கு நேரடிச் சான்றாளராகிறார். ஆகவே, ஒரே நூலை வாசிக்கும்போது கடந்த காலப் பகுதியில் பதைப்பும் நிகழ்காலப் பகுதியில் அறியும் ஆவலும் மாறிமாறி எழுகின்றன. த ரோனே இவ்விரு உணர்வுகளையும் எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதைக் காணுமுன், கதைக்கு அடித்தளமான வரலாற்று நிகழ்வைச் சுருக்கமாக அறிதல் வேண்டும்.

2. வரலாற்றுப் பின்புலம்: 1942 ஜூலை

செருமானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த பாரிசில் 1942 ஜூலை 16, 17 ஆகிய நாள்களில் யூதர்களைக் கூட்டமாகக் கைது செய்யும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. கைது செய்யப்பட்டோர் 13,152 பேர். அவர்களுள் ஆண்கள் 3,118, பெண்கள் 5,919, குழந்தைகள் 4,115. பெரியவர்களுள் பெரும்பாலோர் வேற்று நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். குழந்தைகளுள் பலர் பிரான்சிலேயே பிறந்தவர்கள். வீடு வீடாகச் சென்று கைது செய்தவர்கள் செருமானியப் படையினர் அல்லர், பிரெஞ்சுக் காவல்துறையினரே. குழந்தைகளுடன் இருந்த குடும்பங்கள், ஈஃபில் கோபுரத்திற்கு அண்மையில் இருந்த மிதிவண்டிப் பந்தய உள்ளரங்கான வெலோத்ரோம் திவேரில் அடைக்கப்பட்டன. சுருக்கமாக ‘வெல் திவ்’ எனப்பட்ட அவ்வரங்கின் பெயராலேயே இந்நிகழ்வு வழங்கப்படுகிறது. போதிய உணவும் நீரும் கழிப்பறை வசதியும் இன்றி அங்கு அடைபட்டிருந்தோர், சில நாள்களுக்குப் பின் லுவாரே பகுதியில் இருந்த பித்திவியே, போன்-லா-ரோலாந்து ஆகிய முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தாய்மை பற்றிய ஆய்வுக்கு இன்றியமையாத நிகழ்வு அம்முகாம்களில்தான் நேர்ந்தது. குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று விஷி அரசின் தலைமை அமைச்சர் பியேர் லவால் முன்மொழிந்திருந்தார். அதற்கான ஒப்புதல் பெர்லினிலிருந்து வருமுன்பே பெரியவர்களை ஏற்றிச்செல்லும் தொடர்வண்டிகள் புறப்பட்டன. எனவே, ஜூலை இறுதியிலும் ஆகஸ்டுத் தொடக்கத்திலும் தாய்மார்கள் குழந்தைகளிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். தனித்து விடப்பட்ட குழந்தைகள் ஆகஸ்டு நடுப்பகுதியிலிருந்து திரான்சி முகாமுக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து அதே ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு நிருவாக நடைமுறையின் கால இடைவெளி, தாயையும் சேயையும் தனித்தனியே சாகவைத்தது.

இந்நிகழ்வைத் தொடர்ந்த மௌனமும் வரலாற்றின் பகுதியே. அலென் ரெனே 1956இல் வெளியிட்ட ‘இரவும் மூடுபனியும்’ என்னும் ஆவணப்படத்தில், லுவாரே பகுதி முகாம் ஒன்றைக் காவல்காத்த பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரிந்த காட்சியைத் தணிக்கைக் குழுவினர் மறைக்கச் செய்தனர். வெல் திவ் அரங்கம் 1959இல் இடிக்கப்பட்டது. அரங்கின் உள்ளே அடைபட்டிருந்த யூதர்களைக் காட்டுவதாக நெடுங்காலம் கருதப்பட்ட ஒளிப்படம், நாடு விடுதலை பெற்றபின் செருமானியருக்குத் துணைபோனவர்களாகக் கருதப்பட்டோர் அங்கு அடைக்கப்பட்டபோது எடுக்கப்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. விஷி அரசின் பங்கை விரிவாக வெளிப்படுத்திய இராபர்ட் பாக்ஸ்டனின் நூல் 1972இல் வெளிவந்தது. பிரெஞ்சு அரசின் பொறுப்பைக் குடியரசுத் தலைவர் ஒருவர் முதன்முதலாக வெளிப்படையாக ஏற்றது 1995 ஜூலை 16 அன்று. அவர் ழாக் சிராக். நிகழ்வுக்கும் அந்த ஏற்புக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்திருந்தன. த ரோனேயின் புதினம் தன் பொருளை இந்த இடைவெளியிலிருந்தே பெறுகிறது.

3. கதையமைப்பு

கடந்த காலக் கதையின் தலைமை மாந்தர் பத்து வயதுச் சிறுமி சாரா ஸ்டார்ஜின்ஸ்கி. காவலர்கள் கதவைத் தட்டும் அதிகாலையில், தன் நான்கு வயதுத் தம்பி மிஷேலை, அவர்கள் வழக்கமாக ஒளிந்து விளையாடும் மறைவான சுவரலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறாள். விரைவில் திரும்பி வந்து திறந்துவிடுவதாக உறுதி கூறிச் சாவியைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறாள். சில மணிநேரத்தில் வீடு திரும்பிவிடலாம் என்பது அவள் எண்ணம். வெல் திவ் அரங்கம், போன்-லா-ரோலாந்து முகாம், பெற்றோரிடமிருந்து பிரிவு, முகாமிலிருந்து தப்புதல், துஃபோர் என்னும் முதிய இணையரிடம் அடைக்கலம் எனத் தொடர்ந்து, அவள் மீண்டும் பாரிசு வந்து அவ்வலமாரியைத் திறக்கும் நாளோடு அக்கதை நிற்கிறது.

நிகழ்காலக் கதை 2002இல் நடக்கிறது. அமெரிக்காவில் பிறந்து பாரிசில் வாழும் இதழாளரான ஜூலியா ஜார்மண்ட், வெல் திவ் நிகழ்வின் அறுபதாம் ஆண்டு நினைவையொட்டிக் கட்டுரை எழுதப் பணிக்கப்படுகிறார். அவருடைய கணவர் பெர்த்ரான் தெசாக், தம் பாட்டி வாழ்ந்த சேந்தோன்ழ் தெரு வீட்டைப் புதுப்பித்துக் குடியேற விரும்புகிறார். அவ்வீட்டில் தெசாக் குடும்பம் குடிபுகுந்தது 1942 ஜூலையில் என்றும், அதற்கு முன் அங்கு வாழ்ந்தோர் ஸ்டார்ஜின்ஸ்கி குடும்பத்தினர் என்றும் ஜூலியா கண்டறிகிறார். இதே காலத்தில், நாற்பத்தைந்து வயதில் அவர் கருவுறுகிறார். ஏற்கெனவே கருச்சிதைவுகளின் துயரை அறிந்தவர் அவர். அவருக்கு ஒரு மகளும் உண்டு. இக்குழந்தை வேண்டாம் என்று கணவர் வற்புறுத்துகிறார். சாரா என்ன ஆனாள் என்னும் தேடலும் கரு குறித்த முடிவும் ஒருங்கே வளர்கின்றன.

4. எடுத்துரைப்பு முறைகள்

இரு கதைகளும் வேறுவேறு எடுத்துரைப்பு முறைகளைக் கொண்டுள்ளன. ஜூலியாவின் பகுதி தன்மை இடத்தில் அமைந்துள்ளது. அவர் தம் ஐயங்களையும் தயக்கங்களையும் தாமே கூறுகிறார். சாராவின் பகுதி படர்க்கை இடத்தில் அமைந்துள்ளது. அங்கு எடுத்துரைப்பாளர் அவளைப் ‘சிறுமி’ என்றே பெரிதும் சுட்டுகிறார். பெயர் உடனே தரப்படுவதில்லை. காண்பவர் யார், சொல்பவர் யார் என்று ழெரார் ழெனெத் பிரித்துக் காட்டிய வேறுபாட்டின்படி நோக்கினால், சாராவின் பகுதியில் காண்பவள் சிறுமி. சொல்பவர் பெயரற்ற வேறொருவர். தன் கதையைத் தானே சொல்லும் வாய்ப்பு அங்குச் சாராவுக்கு வழங்கப்படவில்லை.

இவ்வேறுபாட்டை வெறும் உத்தியாகக் கொள்ள இயலாது. பட்டியலில் எண்ணாகச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தையின் பெயரை மீட்பதே ஜூலியாவின் பணி. அப்பணி நிறைவேறும்வரை வாசகருக்கும் அவள் ‘சிறுமி’யாகவே இருக்க வேண்டும் என்பது புதினத்தின் தருக்கம். வாசகர் அவளுடைய அச்சத்தையும் பசியையும் அணுக்கமாக அறிகிறார்; பெயரை மட்டும் தாமதமாக அறிகிறார்.

இதனினும் முதன்மையானது, சாராவின் பகுதி நின்றுபோகும் இடம். அலமாரி திறக்கப்பட்டபின் 1942ஆம் ஆண்டுக் கதை தொடர்வதில்லை. எஞ்சிய பகுதி முழுவதும் ஜூலியாவின் குரலே ஒலிக்கிறது. அதன்பின் சாரா வாழ்ந்த முப்பது ஆண்டுகளை வாசகர் பிறர் சொல்லவே அறிகிறார். அவ்வீட்டில் அன்று சிறுவனாக இருந்த எத்துவார் தெசாக், முதிய வயதில் தான் கண்டதை மருமகளிடம் கூறுகிறார். துஃபோர் குடும்பத்தினர் தங்கள் வீட்டில் வளர்ந்த பெண்ணைப் பற்றிக் கூறுகின்றனர். அவள் அமெரிக்கா சென்றதும், மணந்ததும், வில்லியம் என்னும் மகனைப் பெற்றதும், 1972இல் சாலை விபத்தெனத் தோன்றிய நிகழ்வில் இறந்ததும், அது உண்மையில் தற்கொலை என்பதும் இவ்வாறே தெரியவருகின்றன. அலமாரியின் முன் அவளுக்குள் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்பதை ஆசிரியர் விளக்கிக் கூறவில்லை. அவளுடைய கதைக்கோட்டை நிறுத்தியதன் வாயிலாகவே உணர்த்துகிறார்.

இப்புதினத்தைத் தழுவி கில் பாக்கே-பிரென்னர் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த திரைப்படத்தோடு ஒப்பிட்டால் இவ்வமைப்பின் பொருள் தெளிவாகும். திரைப்படம், வளர்ந்த சாராவை ஒரு நடிகையின் உருவில் காட்சிப்படுத்துகிறது. அவளுடைய பிற்கால வாழ்க்கை அங்கு நேரடியாகக் காணத்தக்கதாகிறது. புதினத்தில் வெற்றிடமாக விடப்பட்ட பகுதி திரையில் நிரப்பப்படுகிறது. காட்சிக் கலைக்கு அது இயல்பான தேர்வாக இருக்கலாம். எனினும், அலமாரிக்குப் பிந்தைய சாராவை அவளுடைய நோக்கிலிருந்து காண முடியாது என்னும் புதினத்தின் மறுப்பு அதனால் மங்கிவிடுகிறது.

5. மர்மத்தின் இடமாற்றம்

மிஷேலுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை வாசகர் புதினத்தின் தொடக்க அத்தியாயங்களிலேயே ஊகித்துவிடுகிறார். நாள்கள் கழியக் கழிய அவ்வூகம் உறுதிப்படுகிறது. சாரா மட்டுமே நம்பிக்கையை விடாதிருக்கிறாள். தொதோரோவின் வகைப்பாட்டின்படி இது பதைப்பின் தளம்: காரணம் தெரியும்; விளைவை எதிர்நோக்குகிறோம். ஆனால் இங்கு விளைவும் ஏறத்தாழத் தெரிந்ததே. எனவே வாசகரின் பதைப்பு, ‘அவன் பிழைப்பானா’ என்பதைக் காட்டிலும் ‘அவள் எப்போது அறிவாள்’ என்பதைச் சுற்றியே அமைகிறது.

அவ்வாறாயின் புதைந்து கிடந்த மர்மம் எது? அது தெசாக் குடும்பத்தின் மௌனத்தில் உள்ளது. சாரா திரும்பி வந்த நாளில் வீட்டில் இருந்தவர்கள் எத்துவாரும் அவருடைய தந்தை ஆந்த்ரேயும். அங்கு இல்லாதிருந்த எத்துவாரின் தாய்க்கு, அதாவது பின்னாளில் ‘மாமே’ என்று குடும்பத்தார் அழைக்கும் பாட்டிக்கு, இது தெரியவே கூடாது என்று ஆந்த்ரே முடிவு செய்கிறார். அப்பெண்மணி அதே வீட்டில், அதே அறைகளில், பல்லாண்டுகள் வாழ்கிறார். ஆந்த்ரே சாராவின் வளர்ப்புக்காகத் துஃபோர் குடும்பத்திற்கு மறைவாகப் பணம் அனுப்பிவந்தார் என்பதும் பின்னர் வெளிப்படுகிறது. அவர் கொடியவராகக் காட்டப்படவில்லை. குற்றவுணர்ச்சியைப் பணத்தால் ஆற்ற முயன்று, சொல்லால் ஆற்ற மறுத்த ஒருவராகவே காட்டப்படுகிறார்.

ஒரு தாயைக் காப்பதாக எண்ணி உண்மையை அவரிடமிருந்து மறைத்தல் என்னும் இச்செயல், நாட்டின் மௌனத்தை வீட்டின் அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறது. அரசின் மௌனம் 1995இல் கலைந்துவிட்டது. 2002இலும் குடும்பத்தின் மௌனம் கலையவில்லை. பொது நினைவேந்தல் வந்தபின்னும் வீட்டுக்குள் பேச்சு வருவதில்லை என்னும் கூரிய கவனிப்பை இங்குப் புதினம் முன்வைக்கிறது. விஷிக் காலத்தின் நினைவு பிரெஞ்சுச் சமூகத்தில் அடக்கப்பட்டும் மீண்டெழுந்தும் வந்த முறையை ஆன்றி ரூசோ 1987இல் ‘விஷி நோய்க்குறி’ என்னும் கருத்தால் விளக்கினார். அக்கருத்துக்கு ஒரு குடும்ப வடிவத்தை இப்புதினம் அளிக்கிறது எனலாம்.

6. தாய்மையின் நிலைகள்

இப்புதினத்தில் தாய்மை ஒருபடித்தானதாக இல்லை. முதலில், முகாமில் குழந்தைகளிடமிருந்து பிரிக்கப்படும் தாய்மார்களின் நிலை. சாராவின் தாய் இவர்களுள் ஒருவர். மகன் பூட்டிய அலமாரிக்குள் இருப்பதை அறிந்தபின் அவர் மெல்ல மெல்லச் செயலிழந்து போகிறார். தாயன்பு எத்தகைய தடையையும் வெல்லும் என்னும் வழக்கமான நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை. அரசின் வன்முறைமுன் தாயின் காக்கும் ஆற்றல் முற்றிலும் பறிக்கப்படுகிறது.

அடுத்தது, சிறுமியே தாயின் பொறுப்பை ஏற்கும் நிலை. தம்பியைக் காக்கும் பொறுப்பைச் சாரா தானே மேற்கொள்கிறாள். அவள் செய்தது அன்பின் செயல். அதுவே அவன் இறப்புக்கும் காரணமாகிறது. பிழை அவளுடையதன்று என்பதை வாசகர் அறிவார். அவளோ வாழ்நாள் முழுவதும் அதனை ஏற்க இயலாதவளாகிறாள். உண்மையான குற்றவாளிகள் தங்கள் பொறுப்பை மறந்து வாழ, குற்றமற்ற குழந்தை அதனைச் சுமக்கிறாள். பொறுப்பு இவ்வாறு தலைகீழாகப் பங்கிடப்படுவதே புதினத்தின் ஆழ்ந்த துயரம்.

மூன்றாவது, வளர்ப்புத் தாய்மை. துஃபோர் இணையர் சாராவைத் தம் மகளென வளர்க்கின்றனர். அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆயினும் அவள் அவர்களையும் விட்டுப் பிரிந்து அமெரிக்கா செல்கிறாள். காப்பாற்றப்படுதலும் குணமடைதலும் ஒன்றல்ல என்பதை இப்பிரிவு காட்டுகிறது.

நான்காவது, சாரா தானே தாயாகும் நிலை. அவள் மகன் வில்லியம், தன் தாய் யூதர் என்பதையே அறியாமல் வளர்கிறான். இத்தாலியின் லூக்கா நகரில் ஜூலியா அவனைச் சந்தித்து உண்மையைக் கூறும்போது, முதலில் அவன் ஏற்க மறுத்து விலகுகிறான். பெற்றோரின் கொடிய பட்டறிவு, அதனை நேரில் பெறாத பிள்ளைகளிடம் கதைகளாகவும் படங்களாகவும் நடத்தைகளாகவும் கடத்தப்பட்டு நினைவைப் போலவே ஆழ்ந்து செயற்படுவதை மரியான் ஹிர்ஷ் ‘பின்நினைவு’ என்பார். வில்லியமுக்குக் கதைகளோ படங்களோ தரப்படவில்லை. அவன் பெற்றது தாயின் துயர முகமும் விளக்கமில்லா மரணமுமே. சொல்லாமல் விட்டதும் கடத்தப்படுகிறது என்பதால், ஹிர்ஷின் கருத்தாக்கத்தை எதிர்த்திசையிலிருந்து சோதிக்கும் மாந்தராக அவன் அமைகிறான். ஆந்த்ரே தன் மனைவியைக் காக்க மௌனம் காத்ததும், சாரா தன் மகனைக் காக்க மௌனம் காத்ததும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை. எனினும் ஒன்று பயனடைந்தவரின் மௌனம். மற்றொன்று பாதிக்கப்பட்டவரின் மௌனம். இவ்விரண்டையும் ஒன்றாக மதிப்பிடுதல் பொருந்தாது.

ஐந்தாவது, ஜூலியாவின் தாய்மை. கருவைக் கலைக்க மருத்துவமனைக்குச் சென்றவர் இறுதி நேரத்தில் முடிவை மாற்றிக்கொள்கிறார். இதனைக் கருக்கலைப்புக்கு எதிரான பரப்புரையாக வாசிப்பதற்குப் பனுவல் இடந்தரவில்லை. குழந்தை வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். வேண்டாம் என்பது கணவரின் நெருக்குதல். ஆகவே அங்குத் தீர்மானிக்கப்படுவது ஒரு பெண் தன் விருப்பத்தைத் தானே ஏற்றுக்கொள்ளுதல். எனினும், கொல்லப்பட்ட குழந்தைகளின் கதையும் பிறக்கவிருக்கும் குழந்தையின் கதையும் அருகருகே வைக்கப்படும்போது, ஒன்று மற்றொன்றுக்கு ஈடு என்னும் பொருள் தானாகவே எழுகிறது. இதனை ஆசிரியர் போதிய அளவு தடுக்கவில்லை என்றே கூறவேண்டும்.

7. சாவியும் பெயரும்

ஆங்கிலத் தலைப்பு சாவியை முன்னிறுத்துகிறது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் தலைப்போ ‘அவள் பெயர் சாரா’ எனப் பொருள்படும். இவ்விரு தலைப்புகளும் புதினத்தின் இரு கோடுகளைத் தனித்தனியே சுட்டுவதாகக் கொள்ளலாம். சாவி கடந்த காலத்திற்கு உரியது. காக்கும் பொருளாகத் தொடங்கி, அரங்கிலும் முகாமிலும் நம்பிக்கையின் பொருளாக அவளுடன் சென்று, இறுதியில் தாங்கவொண்ணாத சான்றாக மாறுகிறது. பொதுவாக மர்மக் கதைகளில் சாவி உண்மையைத் திறக்கும் குறியீடு. இங்கு அது திறக்கும்போது விடுதலை பிறப்பதில்லை.

பெயர் நிகழ்காலத்திற்கு உரியது. ‘சிறுமி’ என்று தொடங்கியவளின் பெயரைக் கண்டறிந்து அதனைச் சொல்லும் உரிமையை அவளுடைய மகனிடம் திருப்பித் தருவதே தேடலின் பயன். புதினத்தின் முடிவில், தன் குழந்தைக்கு ஜூலியா சாரா என்று பெயரிட்டிருப்பதை வில்லியம் அறிகிறான்.

8. ஆறுதலின் எல்லை

இம்முடிவு பல வாசகர்களை நெகிழச் செய்வது. ஆய்வாளரைத் தயங்க வைப்பதும் இதுவே. இறந்த உறவினரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு இடுவது அசுகெனாசி யூதர் மரபில் நிலவும் வழக்கம். அம்மரபில் பெயர் குடும்பத்தின் தொடர்ச்சியைக் குறிக்கிறது. ஜூலியா யூதர் அல்லர். சாராவின் உறவினரும் அல்லர். மேலும், அவர் பெற்றெடுக்கும் குழந்தை தெசாக் குடும்பத்தின் வழிவந்தது. அதாவது, சாராவின் குடும்பம் வெளியேற்றப்பட்ட வீட்டில் குடிபுகுந்தோரின் வழித்தோன்றல். அக்குழந்தை சாராவின் பெயரைத் தாங்குவது நினைவேந்தலா, அல்லது வீட்டைத் தொடர்ந்து பெயரையும் எடுத்துக்கொள்ளுதலா என்னும் வினா எழுவது இயல்பே.

இவ்வினாவைப் புதினம் வெளிப்படையாக எழுப்பவில்லை. எனினும் அதன் வடிவம் ஒரு விடையை உள்ளடக்கியுள்ளது. நடுப்பகுதியில் நின்றுபோன கடந்த காலக்கோடு, இறுதியில் பெயர்சூட்டலுக்குப் பின்னும் மீண்டும் தொடங்குவதில்லை. ஜூலியா எவ்வளவு தேடியும் சாராவின் உள்ளத்திற்குள் நுழைய இயலவில்லை. அவர் பெறுவன பிறரின் நினைவுகளும் சாரா விட்டுச்சென்ற எழுத்துமே. கதை தரும் ஆறுதலை வடிவம் இவ்வாறு மறுத்து நிற்கிறது. இழப்புக்கு ஈடு கிடைத்துவிட்டதென்று கதை கூற முற்படும்போது, எஞ்சியிருக்கும் வெற்றிடத்தை அமைப்பு நினைவூட்டுகிறது. இந்நிலையில், இப்புதினத்தின் வடிவம் அதன் முடிவைக் காட்டிலும் நேர்மையானது என மதிப்பிடலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இரு காலக்கோட்டுப் புதினத்தை ‘மர்மம் எவ்வாறு அவிழ்கிறது’ என்னும் ஒற்றை நோக்கில் அணுகுவது போதாது என்பது புலனாகிறது. ‘சாராவின் சாவி’ புதினத்தில் நிகழ்வு முன்னரே தெரிகிறது. மௌனமே பின்னர் அவிழ்கிறது. கடந்த காலக் கதை நின்றுபோவதன் வழியாக, பாதிக்கப்பட்டவரின் உள்ளத்தை முழுமையாகச் சொல்லிவிட இயலாது என்னும் எல்லையை ஆசிரியர் ஏற்கிறார். தாய்மை இங்கு இழப்பை ஆற்றும் ஆற்றலாக மட்டும் அமையாமல், பறிக்கப்படுவதாகவும் சுமையாவதாகவும் மௌனமாவதாகவும் பல நிலைகளில் வெளிப்படுகிறது. முடிவுப்பகுதி இப்பன்மையை ஒரு பிறப்பில் ஒடுக்க முனைந்தாலும், அமைப்பு அதற்கு முழுமையாக இணங்கவில்லை.

இவ்வகைப் புதினங்களை ஆராய முனைவோர்க்கு மூன்று வினாக்கள் பயன்படும். கடந்த காலக்கோடு யாருடைய குரலில் சொல்லப்படுகிறது? அது எந்த இடத்தில், எதன் முன் நிற்கிறது? அது நின்றபின் எஞ்சும் வெற்றிடத்தை நிகழ்காலம் நிரப்புகிறதா, அப்படியே விட்டுவைக்கிறதா? முதல் இரு வினாக்களும் அமைப்பைப் பற்றியவை. மூன்றாவது, இறந்தோர்க்கு இருப்போர் எவ்வாறு கடன்பட்டுள்ளனர் என்பதைப் பற்றியது. வரலாற்றுக் கொடுமையைப் பொருளாகக் கொள்ளும் புனைவின் தரம் பெரிதும் அம்மூன்றாம் வினாவுக்கு அது தரும் விடையைப் பொறுத்தே அமைகிறது.